ஜெயித்தால் குழந்தை

எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்களைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். சண்டை வரும்போல இருந்தால் என் கணவர் குகன் அலமாரி மேலிருந்து இரண்டு மட்டைகளையும் எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "வா குமு, பதினொண்ணுல முடிச்சிருவோம்" என்பார். இறகுப்பந்து, ஒற்றையர் ஆட்டம், பதினோரு புள்ளி. ஜெயித்தவர் சொல்வதுதான் வீட்டில் நடக்கும். தோற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள். கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். குகன் ஈரோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் அணித் தலைவராக இருந்தவர் என்பதையும், நான் கல்யாணத்துக்கு முன்னால் மட்டையைத் தொட்டதே கொசு அடிக்கத்தான் என்பதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் எனக்கு ஐந்து புள்ளிகளை முன்கூட்டியே கொடுத்துவிடுவார். அதைச் சொல்லிச் சொல்லி அவருடைய தாராள மனசைப் புகழ்வார்கள். மீதி ஆறு புள்ளிகளை நான் எடுத்த நாள் ஒன்றுகூட இல்லை.

அவர் கே.எல். சென்ட்ரல் பக்கத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நான் அவருடைய வேலை அனுமதியின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த மனைவி. வந்த புதிதில் ஆட்டமெல்லாம் சின்ன விஷயங்களுக்குத்தான். யார் மீன் வாங்கப் போவது, ஜன்னல் திரை நீலமா பச்சையா, ஞாயிற்றுக்கிழமை தோசையா, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கா. தோற்றால்கூடச் சிரிப்பாக இருக்கும். பிறகு விஷயங்கள் பெரிதாகிக்கொண்டே போயின, விதி மட்டும் மாறவில்லை. கோவையில் வேதியியல் ஆசிரியையாக இருந்த எனக்குக் கிள்ளானில் ஒரு டியூஷன் சென்டர் வேலை தருவதாகச் சொன்னது. அதற்குப் போவதா வேண்டாமா என்று ஆடினோம், வேண்டாம் என்றாயிற்று. என் தம்பி கல்யாணத்துக்கு மூன்று வாரம் போவதா ஒரு வாரம் போவதா என்று ஆடினோம், ஒரு வாரம் என்றாயிற்று. விமான நிலையத்தில் தம்பி என்னைக் கட்டிக்கொண்டு, "மாமா ரொம்ப பிசியாக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பதினொன்றுக்கு எட்டில் தோற்றுவிட்டு வந்திருக்கிறேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் சனிக்கிழமைகள் ஸ்ரீ கெம்பாங்கானில் கழியும். ஒரு காலத்தில் நாற்காலி மேஜை செய்த தகரக் கொட்டகையை இப்போது இறகுப்பந்துக் கூடமாக மாற்றியிருந்தார்கள். பச்சை விரிப்பு, வெள்ளை விளக்கு, நடுப்பகலில் உள்ளே அடுப்புச் சூடு. ஊரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் பாதி, இந்த ஊர்த் தமிழர்கள் பாதி என்று ஒரு கூட்டம் அங்கே சேரும். எங்களை அதில் சேர்த்துவிட்டவர்கள் தனேஷும் அவர் மனைவி விஷ்ணுப்ரியாவும். கிள்ளானில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர்கள். தனேஷ் மட்டைக்கு நரம்பு கட்டுவார், போட்டி என்றால் மைக்கைப் பிடித்து எல்லோரையும் சிரிக்க வைப்பார். விஷ்ணுப்ரியா அதிகம் பேசமாட்டாள். அவள் அடித்தால் பந்து பேசும்.

ஒவ்வொரு சனியும் எங்கள் ஆட்டம் முடிந்ததும் குகன் அந்தக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போடுவார்: "இன்றைய தீர்ப்பு." கீழே புள்ளி விவரம், அதற்குக் கீழே நான் வியர்த்து விறுவிறுத்து நிற்கும் படம். ஐம்பது பேர் சிரிக்கும் முகங்களை அனுப்புவார்கள். சில பெண்கள் தங்கள் கணவன்மாரைப் பார்த்து, "குகனைப் பாருங்க, எவ்வளோ ஸ்போர்ட்டிவ்!" என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும், இருந்தாலும் பல்லைக் காட்டுவேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும், அவர் ஆட்டத்தில் ஏமாற்றியதே இல்லை. எங்கள் கூடத்தில் நடுவர் கிடையாது. பந்து யார் பக்கம் விழுகிறதோ அவர்தான் உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டும், எதிராளி மறுபேச்சுப் பேசக் கூடாது. அது அங்கே எழுதாத சட்டம். குகன் தன் பக்கத்துக் கோட்டை நகக்கண் அளவு தொட்ட பந்தையும் தானே "இன்" என்று சொல்லி எதிராளிக்குக் கொடுத்துவிடுவார். அதனால் எல்லோரும் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்கள். அவர்களில் நானும் ஒருத்தி.

எனக்கு முப்பத்து மூன்று முடிந்திருந்த ஒரு சனிக்கிழமை, ஆட்டம் முடிந்து எல்லோரும் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் பக்கத்து மாமாக் உணவகத்தில் உட்கார்ந்திருந்தோம். யாரோ ஒருவருடைய கைக்குழந்தை என் மடியில் இருந்தது. அது என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. தனேஷ் தே தாரிக் தேநீரை உறிஞ்சிவிட்டுக் கேட்டார்.

"என்னா குகன், உங்க வீட்டுல எப்போ லா குட்டி ப்ளேயர்?"

நான் முந்திக்கொண்டேன். "அவரைத்தான் கேக்கணுங்கண்ணா. ப்ராஜெக்ட் முடியட்டும், ப்ரமோஷன் வரட்டும்னு மூணு வருஷமாச் சொல்றாரு. நான் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன்."

மேஜை அமைதியாகிவிட்டது. குகனுக்கு அமைதி பிடிக்காது. ரொட்டி சனாயைக் குழம்பில் தோய்த்தபடி எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அதுக்கென்ன, கோர்ட்ல தீர்த்துக்கலாம். ஆனா இது பெரிய கேஸ். இலவசப் புள்ளி கிடையாது. இருபத்தொண்ணு, மூணு செட். குமு ஜெயிச்சா குழந்தை."

சிரிப்பில் மேஜையே அதிர்ந்தது. ஒருவர் கைதட்டினார். இன்னொருவர், "ரெக்கார்ட் பண்ணு, ரெக்கார்ட் பண்ணு" என்று போனைத் தூக்கினார். குகன் என் முன்னால் கையை நீட்டினார். அந்தச் சூட்டுத் தேநீரை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். நானோ கையைக் கொடுத்துக் குலுக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள். வாயால் கேட்டு வாங்க முடியாததை மட்டையாலாவது வாங்கலாம் என்று பட்டது. தீர்ப்பு என்று ஒன்று வந்துவிட்டால் மனிதர் மீறமாட்டார் என்று நம்பினேன்.

கை கழுவும் இடத்தில் விஷ்ணுப்ரியா என் பின்னால் வந்து நின்றாள்.

"உனக்கு என்ன பைத்தியமா குமு? பிள்ளை என்ன கப்பா, ஆடி ஜெயிக்கறதுக்கு?"

"வேற வழி இருந்தாச் சொல்லு ப்ரியா."

அவள் குனிந்து என் காலணியைப் பார்த்தாள். "திங்கக்கிழம காலையில கிள்ளான் வா. இந்த ஷூ வேணாம், நல்லதா வாங்கிக்கோ" என்றாள்.

அப்படித் தொடங்கியது. குகன் அலுவலகம் போனதும் நான் கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போவேன். கடைக்குப் பின்னால் ஒரு பொது மண்டபம். விஷ்ணுப்ரியா ஒரு வாளி நிறையப் பழைய பந்துகளை வைத்துக்கொண்டு, மூலைக்கு மூலை வீசிக்கொண்டே இருப்பாள். நான் ஓடிக்கொண்டே இருப்பேன். முதல் மாதம் படிக்கட்டு இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். கால் விரல் நகம் இரண்டு கறுத்து விழுந்தன. அவள் பாவம் பார்க்கவில்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை. மூச்சு வாங்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு குழந்தையின் கையை நினைத்துக்கொள்வேன், சங்கிலியைப் பிடித்து இழுத்த அந்தக் கையை. மறுபடி எழுந்துவிடுவேன்.

"குகன் அண்ணன ஸ்மாஷ் அடிச்சு ஜெயிக்க முடியாது லா" என்பாள் விஷ்ணுப்ரியா. "அவர வெயிட் பண்ண வை. அவருக்கு வெயிட் பண்ணத் தெரியாது. எல்லாத்தையும் திருப்பி அனுப்பு, அது போதும்."

முதல் வழக்கில் இரண்டு செட்டிலேயே தோற்றேன். குகன் என் தலையை வருடி, "அடுத்த வருஷம் அப்பீல் பண்ணிக்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்று அவருக்கும் மூச்சு வாங்கியிருந்தது, அதைப் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னைக் கலப்பு இரட்டையர் ஆட்டத்துக்குக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். ஜெஞ்சாரோமில் ஒரு சின்னப் போட்டி, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை ஆண்டு விழாப் போட்டி என்று இரண்டு கோப்பைகள் வீட்டுக்கு வந்தன. அவற்றைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம், "குமுவை நான்தான் உருவாக்கினேன்" என்று சொல்வார். ஊரிலிருந்து வந்த குடும்பங்களுக்கென்று வருடாவருடம் நடக்கும் குடும்பக் கோப்பைதான் அவருடைய கனவு.

மறு வருடம் அப்பீல் வந்தது. கூடம் நிறைந்திருந்தது. வேறு எந்த ஆட்டமும் நடக்கவில்லை, எல்லோரும் எங்கள் களத்தைச் சுற்றி நின்றார்கள். முதல் செட் அவருக்கு, இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் நான் விஷ்ணுப்ரியா சொன்னபடி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன். அவர் அடித்தார், நான் அனுப்பினேன். மறுபடி அடித்தார், மறுபடி அனுப்பினேன். அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. முதல்முறையாக அவர் கண்ணில் கோபத்தைப் பார்த்தேன், சத்தியமாக அது எனக்குப் பாயசம் சாப்பிட்டது போல இருந்தது. இருபதுக்குப் பத்தொன்பதில் நான் ஒரு பந்தை உயரத் தூக்கி அவருடைய பின்கோட்டுக்கு அனுப்பினேன். அவர் அடிக்காமல் விட்டார். அது கோட்டைத் தொட்டதா என்று சொல்ல வேண்டியவர் அவர் மட்டும்தான்.

குகன் குனிந்து பந்தை எடுத்தார். எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். "இன்" என்றார்.

கூடம் இடிந்துவிழும்போல ஆரவாரம். விஷ்ணுப்ரியா அழுதாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வலைக்கு அடியில் குனிந்து வந்து என்னைத் தூக்கி, என் கையை உயர்த்திப் பிடித்தார். கைதட்டல் பெரும்பாலும் அவருக்குத்தான். "ஒரு பந்தை அவுட்டுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சுது, மனுஷன் சொல்லலையே லா!" என்று தனேஷ் உருகினார். நானும் அன்று உருகினேன். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இவரைப் போய்த் தப்பாக நினைத்தேனே என்று வெட்கப்பட்டேன்.

அதன் பிறகு காத்திருந்தேன். ஒவ்வொரு மாதமும் சோதனைப் பட்டையை வாங்கிக் குளியலறையில் வைத்துப் பார்ப்பேன். ஒற்றைக் கோடு. மறு மாதமும் ஒற்றைக் கோடு. சனிக்கிழமைக் கூட்டம் முதலில் கண்ணடித்தது, பிறகு கேட்டது, பிறகு ஆலோசனை சொல்லத் தொடங்கியது. பேரீச்சம்பழம் சாப்பிடச் சொன்னார்கள். எனக்குத் தெரியாத சாமிகளிடமெல்லாம் வேண்டச் சொன்னார்கள். என்னைவிட வயதில் சின்னவள் ஒருத்தி என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "டென்ஷன் ஆகாதீங்கக்கா, அதான் உண்டாக மாட்டேங்குது" என்றாள். அவளை அறைந்தால் என்ன என்று இருந்தது.

மருத்துவரிடம் போனோம். கர்ப்பப்பைக் குழாய்க்குள் மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். அந்த வலியை இங்கே எழுதப் போவதில்லை. கத்தினேன் என்று மட்டும் சொல்கிறேன். வெளியே வந்தபோது குகன் போனில் ஏதோ இறுதிப்போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, என் பையை வாங்கிக்கொண்டார். எனக்கு எல்லாம் சரியாக இருக்கிறது, கணவரையும் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, "கம்பெனியிலயே எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு டாக்டர், நார்மல். ரிப்போர்ட் அடுத்த தடவை கொண்டுவர்றேன்" என்றார். அடுத்த தடவை மறந்துவிட்டார். அதற்கடுத்த தடவை அலுவலகத்தில் கூட்டம் இருந்தது.

அப்புறம் அவருடைய அம்மா பவுனம்மாள் பெருந்துறையிலிருந்து வந்து இறங்கினார். குகன் ஒரே மகன். அத்தையைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பேரப்பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு செருப்பைக் கழற்றியவர், பிரிக்பீல்ட்ஸ் தார்ச்சாலையிலும் வெறுங்காலோடு நடந்தார். தினம் ஒரு வேளைதான் சாப்பிட்டார். ஆனால் அவர் நாக்கு விரதம் இருக்கவில்லை.

"குதிச்சுக் குதிச்சு ஆடுனா வவுத்துல எதுதான் தங்கும் அம்மிணி? ஊட்டுல அடங்கி இருக்கோணும்" என்பார். ஊருக்குப் போன் பேசும்போது, நான் அடுக்களையில் இருப்பது தெரிந்தே, "வேற என்ன பண்றது, மலடியக் கட்டி வெச்சுட்டோம்" என்றார். குகன் முன்னறையில்தான் இருந்தார். செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார்.

நான் ஆட்டத்தை விட்டேன். மட்டையை உறையில் போட்டு அலமாரிக்குள் வைத்தேன். கிள்ளான் போவதையும் நிறுத்தினேன். எனக்கென்று இந்த ஊரில் இருந்த ஒரே விஷயம் அதுதான், அதையும் வராத பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

குடும்பக் கோப்பைக்கு ஒரு மாதம் இருந்த ஒரு ஞாயிறு காலை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். குகன் தரையில் உட்கார்ந்து மட்டைக் கைப்பிடிக்குப் புது நாடா சுற்றிக்கொண்டிருந்தார்.

"குமு, பேர் கொடுக்கணும். இன்னிக்குக் கடைசி நாள்."

"வேற யாரையாவது சேர்த்துக்கங்க. நான் வரலை."

"நல்லா ஆடறவங்க எல்லாரும் ஜோடி போட்டாச்சு. நீ வா. இந்த வருஷம் விட்டா அப்புறம் கஷ்டம், எனக்கும் நாப்பது ஆகுது."

"விளையாடக் கூடாதுங்க. ஒருவேளை இந்த மாசம்..."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் நாடாவைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு சுற்றையும் கட்டைவிரலால் அழுத்தி, மடிப்பு விழாமல் பார்த்துக்கொண்டார்.

"ஆகாது குமு. நான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். உன் தம்பி கல்யாணத்துக்கு நீ ஊருக்குப் போயிருந்தியே, அப்ப. கிள்ளான்ல ஒரு கிளினிக். அரை மணி நேரம்கூட ஆகலை. எனக்குக் குழந்தைங்க பிடிக்காது, அவ்வளவுதான். அதனால நீ சும்மா பயந்துக்கிட்டு ஆட்டத்தை விடாதே."

தெருவில் பூக்காரர் யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான் கேட்டேன்: "அப்ப எதுக்கு என்கூட மேட்ச் ஆடினீங்க?"

"நீ ஜெயிப்பேன்னு யாருக்குத் தெரியும்?" பிறகு தலையை நிமிர்த்தி, நிஜமான பிரியத்தோடு என்னைப் பார்த்தார். "அதுவுமில்லாம, சொல்லியிருந்தா நீ இவ்வளவு ஆட்டம் கத்துக்கிட்டிருப்பியா? உன் பேக்ஹேண்ட யோசிச்சுப் பாரு. எங்கே இருந்தே, எங்கே வந்திருக்கே."

அந்த நிமிடம் அவரைக் கொன்றுபோட வேண்டும் என்று இருந்தது. மட்டை பக்கத்திலேயே கிடந்தது. ஆனால் வீட்டுக்குள் நான் அழுதால் ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்து நீட்டுவார். கத்தினால் ஜன்னலைச் சாத்துவார். இந்த மனிதரை வீட்டுக்குள் எதுவும் செய்ய முடியாது, இவர் வீட்டில் வாழ்கிறவரே இல்லை. இவர் உயிர் இருப்பது அந்தத் தகரக் கொட்டகையில், நாலு பேர் கைதட்டலில். அங்கே வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

"சரி, பேர் கொடுங்க" என்றேன்.

அத்தை குதித்தார். குகன், "கொஞ்சம் ஆடினா ரத்த ஓட்டம் நல்லதும்மா, டாக்டரே சொல்லியிருக்காரு" என்று அவர் காதிலும் பூச்சுற்றினார். போட்டி நாளன்று அத்தையும் வெறுங்காலோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். மடியில் எங்களுக்கு எலுமிச்சைச் சாதம்.

அன்று ஆடியது போல என் வாழ்க்கையில் நான் ஆடியதில்லை. கையில் இருந்தது கோபமா மட்டையா என்று எனக்கே தெரியவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்தே இரண்டு பந்தைத் தவறவிட்டாள். குகன் ஒவ்வொரு புள்ளிக்கும் என் கையில் தட்டினார், "இதான் என் குமு!" என்று கத்தினார். இறுதி ஆட்டத்தை இரண்டே செட்டில் முடித்தோம். ஓரத்தில் நின்ற விஷ்ணுப்ரியா மட்டும் கைதட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும்.

மேடை என்பது நான்கு பலகை சேர்த்த ஒரு திட்டு. கோப்பையை எங்கள் கையில் கொடுத்துவிட்டுத் தனேஷ் மைக்கைப் பிடித்தார்.

"கப்பு வீட்டுக்குப் போகுது, சந்தோஷம். ஆனா ஒரு பழைய கேஸ் பாக்கி இருக்கு லா! குமுதா ஜெயிச்சு ஒரு வருஷம் ஆச்சு. அந்தப் பரிசு எங்க? எல்லாரும் வெயிட்டிங்!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. நான் அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

"அந்தப் பரிசு வராதுங்க" என்றேன். "இவரு ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே கிள்ளான்ல ஆபரேஷன் பண்ணிக்கிட்டாரு. குழந்தை பிறக்காம இருக்கற ஆபரேஷன். என்கிட்டச் சொல்லலை. அதுக்கப்புறம்தான் குழந்தைக்குன்னு என்கூட மேட்ச் ஆடினாரு. நான் டெஸ்ட்டுக்குப் போய்க் கத்தினப்பவும் சொல்லலை. இந்தக் கப்புக்கு ஆள் தேவைப்பட்டதாலதான் சொன்னாரு."

அவர்கள் சிரித்தார்கள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. ஒருவர் விசில் அடித்தார். "செம்ம லா! இந்த ஜோடிய மிஞ்ச ஆள் இல்ல!" என்றது ஒரு குரல். இத்தனை வருடம் எங்கள் வீட்டை வைத்துச் சிரித்துப் பழகியவர்கள், இதற்கும் பழக்கத்தில் சிரித்தார்கள். குகன் கோப்பையைப் பிடிக்காத கையை மேலே தூக்கிச் சரணடைவதுபோலக் காட்டினார். வாயெல்லாம் பல். சிரிப்பு இன்னும் ஏறியது. என் கண் முன்னால் உண்மை நகைச்சுவையாகிக்கொண்டிருந்தது, அவர் அதை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிடத்தில் நான் தனியாக இருந்ததுபோல யாரும் எங்கும் இருந்திருக்க முடியாது.

முன் வரிசையில் அத்தை எழுந்தார். எலுமிச்சைச் சாத டப்பா கீழே விழுந்து உருண்டது. பெற்றவளுக்குத் தெரியாதா, மகன் எப்போது நிஜமாகச் சிரிக்கிறான், எப்போது மறைத்துச் சிரிக்கிறான் என்று? நேராகத் திட்டுக்கு முன்னால் வந்து நின்றார்.

"நெசமாடா கண்ணு?"

நான் மைக்கை அவர் மகனின் வாய்க்கு நேராக நீட்டினேன். குகன் அதைக் கையால் தள்ளப் பார்த்தார். நான் விடவில்லை.

"அம்மா, வீட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்றார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். ஆனால் நான்கு மூலை ஒலிபெருக்கியும் அதைத் திரும்பச் சொன்னது.

சிரிப்பு இங்கொன்றும் அங்கொன்றுமாக நின்றது. கடைசியில் பின்வரிசையில் ஒரு ஆள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார், அவரையும் யாரோ இடித்து நிறுத்தினார்கள். அத்தையின் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வெறும் பாதங்களைக் குனிந்து பார்த்தார். வெடித்து, அழுக்கேறிப்போன பாதங்கள். இப்போது அவனை அறையப் போகிறார் என்று நினைத்தேன். அறைய வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டேன்.

அவர் மகனின் மணிக்கட்டைப் பிடித்தார். "வா சாமி, போலாம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமே அம்மிணி. இத்தனை பேருக்கு முன்னால என்ற பையன் மானத்த வாங்கிப்போட்டியே."

என் மானம் ஒரு வருடமாக இதே கூடத்தில்தான் நின்றது. எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவும் மகனும் கதவைத் தாண்டிவிட்டார்கள். குகன் திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையின் ஒரு கைப்பிடியை இன்னும் பிடித்திருந்தவர், போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

கூட்டம் பைகளைத் தேடத் தொடங்கியது. யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. விஷ்ணுப்ரியா மட்டும் திட்டின் மேல் ஏறி வந்து, என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

தனேஷ் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கி அணைத்தார். ரொம்ப நல்ல மனிதர், பாவம், அவருக்குக் கண் கலங்கியிருந்தது. என் காதருகே குனிந்தார்.

"மனச விட்டுறாதீங்க லா. அந்த ஆபரேஷனத் திருப்பிச் சரி பண்ணலாம், எங்க சொந்தத்துல ஒருத்தர் பண்ணியிருக்கார். குகன்கிட்ட இன்னொரு மேட்ச் போட்டுக் கேளுங்க. இப்ப நீங்க ஆடுற ஆட்டத்துக்கு, கண்டிப்பா நீங்கதான் ஜெயிப்பீங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை. எனக்கு உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.